கட்டி வைப்பதும் தங்க வைப்பதும்

சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் பக்கம் ‘கடையநல்லூர் தெரு’ என்றே ஒரு தெரு இருக்கிறது. தறியில் பிழைப்பு நடக்காமல் போன நெசவுக் குடும்பங்கள் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தென்காசிப் பக்கத்துக் கடையநல்லூரிலிருந்து கப்பலேறி அந்த வட்டாரத்தில் குடியேறின. பல ஊர்க்காரர்கள் ஆண்களை மட்டும் அக்கரைக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் பெண்டு பிள்ளைகளோடு போனார்கள். ஆண்கள் துறைமுகத்தில் கூலி வேலை பார்க்க, பெண்கள் மசாலா அரைத்து விற்றார்கள். 1941-இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கியது. 1970-களுக்குப் பிறகு திசை மாறி, பயணம் வளைகுடாவுக்கு ஆனது. பல தலைமுறையாக ஆளை வெளியே அனுப்பிப் பழகிய ஊர் இது.

நல்ல வேலையாளை எப்படித் தக்கவைப்பது என்ற கேள்வியை மேலாண்மைப் புத்தகத்தில் தேடுவதைவிட இப்படிப்பட்ட ஊரிலிருந்து கேட்டுப் பார்ப்பது நல்லது. பெருநகரத்து நிறுவனத்தில் ஒரு பொறியாளர் போனால் இன்னொருவர் வருவார். கடையநல்லூர் மெயின் ரோட்டில் ஜவுளிக்கடையோ ஓட்டலோ ஒர்க் ஷாப்போ வைத்திருப்பவருக்கு அந்த வசதி கிடையாது. பக்கத்துக் கடைக்காரரோடு மட்டும் அவர் போட்டி போடவில்லை. துபாய் சூப்பர் மார்க்கெட்டோடும், சென்னை தி.நகரோடும், திருப்பூர் பனியன் கம்பெனியோடும் சேர்த்துப் போட்டி போடுகிறார். “நல்ல பையனா இருந்தா நிக்க மாட்டேங்கான், நிக்கிறவன் நல்லா இருக்க மாட்டேங்கான்” என்பது இந்தப் பக்கத்து முதலாளிகள் வாயில் அடிக்கடி வரும் புலம்பல். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு வணங்கவில்லை என்று அதற்கு ஒரு விளக்கமும் தயாராக வைத்திருக்கிறார்கள். ஆனால் இங்கே எட்டு மாதம் தாக்குப்பிடிக்காத அதே பையன் ஷார்ஜாவில் எட்டு வருஷம் நிற்கிறான், வெயிலிலும் நிற்கிறான். உடம்பின் மேல் பழி போடுவது எடுபடாது.

தமிழ்நாட்டுத் தொழில்களின் நூறாண்டு வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், ஆளை வைத்துக்கொள்ள முதலாளிகள் இரண்டு வழிகளை முயன்றிருக்கிறார்கள். ஒன்று, போக முடியாதபடி செய்வது. மற்றது, போகத் தோன்றாதபடி செய்வது. முதல் வழியைப் பற்றி மேலாண்மை வகுப்புகளில் யாரும் பேசுவதில்லை. நடைமுறையில் அதிகம் கையாளப்பட்டிருப்பது அதுதான், ஆகவே அதிலிருந்தே தொடங்கலாம்.

விசைத்தறியில் முன்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பது ஊரறிந்த வழக்கம். சங்கரன்கோவிலும் விசைத்தறி ஊர்தான். தறி ஓட்டுகிறவருக்கும் தறி போட்டவருக்கும் இடையே கூலி பேசுவது அங்கே ஓயாத விவகாரம். ஆனால் முன்பணத்தைக் கூர்ந்து ஆராய்ந்தது நாமக்கல் மாவட்டத்துக் குமாரபாளையத்தில். கீர்ட் டி நேவ் என்ற மானுடவியலாளர் 1990-களில் அங்கே தங்கி, தறிக்காரர்கள் ‘பாக்கி’ என்று சொல்லும் அந்த முன்பணம் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தார். ஓட்டுவதற்கு ஆள் தட்டுப்பாடு. முன்பணம் கொடுத்தால் கடன் தீரும்வரை போக மாட்டார்கள் என்பது முதலாளிகளின் கணக்கு. நடந்தது வேறு. பாக்கி இல்லாமல் யாரும் தறிக்கு வர மறுத்தார்கள். ஒரு முதலாளியிடம் உள்ள பாக்கியை அடுத்த முதலாளி அடைத்து ஆளைக் கூட்டிக்கொண்டு போனார். தொகை ஏறிக்கொண்டே போனது. கையை மீறிய முதலீடாக முன்பணம் முடங்கியது, ஆளும் நிலைக்கவில்லை. கைராசியான ஓட்டியைத்தான் அடுத்தவர் பாக்கி கட்டி இழுத்தார். சுமாரான ஓட்டியின் பாக்கியை யார் அடைப்பார்கள்? அவர் அதே பட்டறையில் கடனோடு கிடந்தார். கட்டிப்போடும் ஏற்பாட்டில் முதலில் அறுந்துகொண்டு போவது நல்ல வேலையாள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது என்பது தனிக் கதை. சட்டத்தை விட்டுவிட்டு வெறும் வியாபாரக் கணக்காகப் பார்த்தாலும் இது நஷ்டம்.

முன்பணத்தைத் தலைகீழாகப் பிடித்தால் நூற்பாலைகளின் ‘சுமங்கலித் திட்டம்’. அங்கே பணம் முன்னால் வராது, கடைசியில் வரும். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து ஆலைகள் கல்யாணமாகாத பெண்களை மூன்று வருஷத்துக்கு விடுதியில் தங்கவைத்து வேலை வாங்கின. கெடு முடிந்தால் கல்யாணச் செலவுக்கு ஒரு மொத்தத் தொகை என்று வாக்குக் கொடுத்தன. ஆள் பிடிக்கிற ஏஜெண்டுகள் தென்மாவட்டத்துக் கிராமங்களுக்கும் வந்தார்கள். இடையில் உடம்புக்கு முடியாமலோ வீட்டு நிலைமையாலோ ஊர் திரும்பிய பெண்களில் பலருக்கு அந்தத் தொகை கிடைக்கவில்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த இரண்டு அமைப்புகள் 2011-இல் இதை அறிக்கையாக வெளியிட்ட பிறகு, நூலையும் துணியையும் வாங்கும் ஐரோப்பியக் கம்பெனிகள் கேள்வி கேட்கத் தொடங்கின. ஆலைக்காரர்கள் தரப்பிலும் ஒரு வாதம் இருந்தது: பெண்ணின் சம்பாத்தியம் குடும்பச் செலவில் கரையாமல் அவள் பெயரில் சேர்கிறது என்றார்கள். அது முழுப்பொய் என்று தள்ள மாட்டேன். ஆனால் சேமிப்பு என்றால் எடுக்கிற உரிமை இருக்க வேண்டும். மூன்று வருஷம் முடிகிற நாளில் கைக்கு வருவதும், அதற்கு ஒரு மாதம் முன்னால் போனால் வராததும் பிணைத்தொகை.

இதே ‘கடைசியில் மொத்தமாக’ என்ற ஏற்பாடு இன்னொரு இடத்தில் முற்றிலும் வேறு விளைவைத் தந்திருக்கிறது. தூத்துக்குடி, திருநெல்வேலி, விருதுநகர்ப் பகுதிகளிலிருந்து போய்த் தமிழ்நாடு முழுக்க மளிகைக் கடை வைத்த அண்ணாச்சிகளின் முறை அது. ஊரிலிருந்து உறவுக்காரப் பையன் ஒருவன் வருவான். பொட்டலம் மடிக்கத் தொடங்கி, சரக்கு எடை போட்டு, மொத்தக் கடையில் கொள்முதலுக்குப் போய், கடைசியில் கல்லாவில் உட்காருவான். சாப்பாடும் தங்கலும் கடையிலேயே. சம்பளத்தின் பெரும்பகுதி அண்ணாச்சியின் நோட்டில் எழுதப்பட்டுக் கிடக்கும். ஏழெட்டு வருஷம் கழித்து அந்தக் கணக்கை முடித்து, மேலே கொஞ்சம் கைமாற்றும் போட்டு, மொத்த வியாபாரியிடம் ‘நம்ம பையன்தான், கடனுக்குச் சரக்குக் கொடுங்க’ என்று ஒரு சொல்லும் சொல்லி, வேறு தெருவில் அவனுக்குக் கடை வைத்துக் கொடுப்பார்.

இங்கேயும் சம்பளம் பிடித்துத்தான் வைக்கப்பட்டது. இங்கேயும் வேலை நேரத்துக்குக் கணக்கில்லை. காலை ஐந்துக்குத் திறந்து இரவு பத்துக்கு அடைக்கும் கடையில் பதின்மூன்று வயதுப் பையன்கள் படிப்பை விட்டுவிட்டு நின்றார்கள் என்பதை மறைத்து இந்த முறையைப் புகழ்வது நேர்மையில்லை. ஆனாலும் பையன்கள் நின்றார்கள். அரை மனதாக இல்லை, முழு மனதாக வேலை கற்றார்கள். ஏன்? பிடித்து வைத்த பணத்தை அண்ணாச்சி ஏமாற்றினால் ஊரில் தலைகாட்ட முடியாது. மகமை என்ற பொது நிதி வசூலித்துப் பள்ளிக்கூடமும் சத்திரமும் நடத்திய சமூகம் அது. சொந்தமும் சங்கமும் கேள்வி கேட்கும். அதைவிட முக்கியமாக, பையன் செய்த ஒவ்வொரு வேலையும் அவனுடைய நாளைய கடைக்கான பாடம். எந்தப் பருப்பு எந்த மாதத்தில் விலை ஏறும், எந்த வீட்டுக்குக் கடன் கொடுக்கலாம் என்பதெல்லாம் அவனுக்குச் சொல்லித் தரப்பட்டது. நூற்பாலைப் பெண்ணுக்கு மூன்று வருஷம் முடிந்ததும் தொகை வரலாம்; அந்த மூன்று வருஷத்தில் கற்றது ஆலைக்கு வெளியே அவளுக்கு எதற்கும் உதவாது.

அண்ணாச்சி முறையில் இன்னொரு வினோதமும் உண்டு. வேலையாள் ஒரு நாள் போகத்தான் போகிறான் என்பது முதல் நாளே இரண்டு பேருக்கும் தெரியும். போவதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, அந்தப் போக்கையே சம்பளத்தின் பகுதியாக்கிவிட்டார்கள். இன்றைய நிறுவனங்கள் பல, ஆள் ராஜினாமாக் கடிதம் கொடுத்த மறுநாளிலிருந்து அவரைத் துரோகிபோல நடத்துகின்றன. மீதி இருப்பவர்கள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கட்டிப்போடுவதன் புதிய வடிவம் பத்திரம். சேரும்போதே அசல் சான்றிதழ்களை வாங்கி அலமாரியில் பூட்டும் கல்லூரிகளும் தனியார் பள்ளிகளும் இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்தவை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு ஒருவரைத் தொழில் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. அதே நேரத்தில், குறைந்தது மூன்று வருஷம் வேலை பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று விஜயா வங்கி போட்ட நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் செல்லும் என்று சொன்னது. பொதுத்துறை வங்கி தேர்வு நடத்தி ஆள் எடுக்கும் செலவு அதிகம், தொகை நியாயமானது, போகும் வழி அடைக்கப்படவில்லை என்பவை நீதிமன்றம் கருதிப் பார்த்தவை. தீர்ப்பைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இதைக் கேட்டதும் உற்சாகமாகப் பத்திரம் அச்சடிக்க ஓடும் முதலாளி ஒன்றை யோசிக்கலாம்: இரண்டு லட்சத்தைக் கட்டிவிட்டுப் போகக்கூடியவர் யார், கட்ட வழியில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் யார்? குமாரபாளையத்துக் கணக்கேதான்.

இனி இரண்டாவது வழி. போகத் தோன்றாதபடி செய்வதற்கு முதல் பதில் சம்பளம் என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான், ஆனால் எவ்வளவு தூரம் சரி?

1913-இல் அமெரிக்காவில் ஃபோர்டு கார்த் தொழிற்சாலையில் சுமார் 14,000 பேர் வேலை பார்த்தார்கள். அந்த 14,000 இடங்களை நிரப்பி வைக்க, அந்த ஒரு வருஷத்தில் 52,000-க்கும் மேற்பட்டவர்களை வேலைக்கு எடுக்க வேண்டியிருந்தது. ஓடும் பட்டையின் முன்னால் நாள் முழுக்க ஒரே திருகாணியை முடுக்கும் வேலை யாருக்கும் பிடிக்கவில்லை. 1914 ஜனவரியில் ஹென்றி ஃபோர்டு தினக்கூலியை 2.34 டாலரிலிருந்து 5 டாலராக்கினார், ஒன்பது மணி நேர வேலையை எட்டு மணி நேரமாகக் குறைத்தார். ஆள் மாறுவது இரண்டே வருஷத்தில் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்தது. மேலாண்மைப் பேச்சாளர்கள் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஐந்து டாலர் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. அதற்குத் தகுதியானவர்தானா என்று பார்க்க ஃபோர்டு ஒரு துறையே வைத்து, வேலையாட்களின் வீட்டுக்கு ஆள் அனுப்பி, குடிக்கிறாரா, சேமிக்கிறாரா, வீடு சுத்தமாக இருக்கிறதா என்று விசாரித்தார். நல்ல சம்பளத்தோடு சேர்த்து வீட்டுக்குள்ளும் ஒரு மேஸ்திரி.

நம் பக்கத்தில் அதற்கு ஆறு வருஷம் முந்தியே ஒரு பாடம் நடந்தது. 1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள், வ.உ.சிதம்பரமும் சுப்பிரமணிய சிவாவும் பின்னால் நின்றார்கள். மார்ச் முதல் வாரத்தில் நிர்வாகம் இறங்கி வந்தது. தொழிலாளர்கள் பெற்றது கூலி உயர்வு மட்டும் இல்லை; ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் சாப்பாட்டு நேரமும் கிடைத்தன. அரை வயிற்றுக் கூலி வாங்கியவர்களுக்கும் கூலிக்கு நிகராகத் தோன்றியவை ஓய்வும் உட்கார்ந்து சோறு தின்ன நேரமும்.

இந்த வேறுபாட்டைக் கோட்பாடாக்கியவர் ஃபிரடெரிக் ஹெர்ஸ்பெர்க். பிட்ஸ்பர்க் நகரத்தில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்கர்களையும் விசாரித்து 1959-இல் அவர் புத்தகம் போட்டார். சம்பளம், மேலதிகாரியின் நடத்தை, கம்பெனி விதிகள் ஆகியவை கெட்டால் ஆள் வெறுப்படைவார், சரியாக இருந்தால் வெறுப்பு நீங்கும், அவ்வளவுதான் என்றார். உற்சாகம் வருவது செய்த வேலையின் நிறைவிலிருந்தும், அதற்குக் கிடைத்த அங்கீகாரத்திலிருந்தும், பொறுப்பிலிருந்தும், வளர்ச்சியிலிருந்தும் என்றார். எதிர்வாதமும் உடனே வந்தது: நல்லது நடந்தால் என்னால், கெட்டது நடந்தால் மற்றவரால் என்றுதான் எந்த மனிதரும் சொல்வார், அதைக் கேட்டு எழுதிக்கொண்டால் இப்படித்தான் முடிவு வரும். எனக்கு இதில் வேறொரு சங்கடம். மாதச் சம்பளம் உறுதியாக இருந்த அமெரிக்கக் கணக்கர்களிடம் கண்டதை, பத்தாம் தேதிக்கு மேல் சம்பளம் போடும் கடைக்காரர் எடுத்துக்கொண்டு, ‘பணம் முக்கியமில்லை, பாராட்டுத்தான் முக்கியம்’ என்று மேடையில் பேசுவார். ஹெர்ஸ்பெர்க் அப்படிச் சொல்லவில்லை. முதல் பகுதியைச் சரி செய்தவருக்குத்தான் இரண்டாம் பகுதி.

சம்பளத்தின் அளவைவிட அதன் நியாயம் ஆளை அதிகம் உறுத்தும் என்பதற்கு இந்தியாவிலேயே செய்த ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. எமிலி பிரேசா, சுப்ரீத் கவுர், யோகிதா ஷம்தாசனி மூவரும் ஒடிசாவில் தொழிலாளர்களைச் சிறு குழுக்களாக்கி ஒரு மாதம் வேலைக்கு வைத்தார்கள். சில குழுக்களில் எல்லோருக்கும் ஒரே கூலி. சிலவற்றில் முன்பு பார்த்த திறமைப்படி கொஞ்சம் ஏற்றம், கொஞ்சம் இறக்கம். 2018-இல் வெளியான முடிவு இது: அதே கூலியை வாங்கினாலும், பக்கத்தில் இருப்பவருக்கு அதிகம் என்று தெரிந்தவர்களின் வேலை குறைந்தது. வேறுபட்ட கூலி இருந்த குழுக்களில் வருகை 18 விழுக்காட்டுப் புள்ளிகள் சரிந்தது. கூலியையே விட்டுவிட்டு வராமல் இருந்தார்கள். ஆனால் யார் அதிகம் செய்கிறார் என்பது கண்ணுக்குத் தெரிகிற வேலைகளில் இந்த மனக்கசப்பு எழவில்லை. சொந்தக்காரப் பையனுக்கு ஆயிரம் ரூபாய் சேர்த்துக் கொடுத்துவிட்டு அது யாருக்கும் தெரியாது என்று நம்பும் கடைக்காரர்கள் இதைக் கவனிக்கலாம். தெரியும், சம்பள நாளன்று சாயங்காலமே டீக்கடையில் தெரிந்துவிடும்.

இன்னொரு ஆய்வு என்னை அதைவிட யோசிக்க வைத்தது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஷாஹி எக்ஸ்போர்ட்ஸ் ஆயத்த ஆடை நிறுவனத்தில் அச்யுத ஆத்வர்யு, தெரசா மொலினா, அனந்த் நிஷாதம் ஆகிய பொருளியலாளர்கள் செய்தது. கூலி உயர்வு ஒன்று வந்தது. தொழிலாளர்கள் எதிர்பார்த்ததைவிட அது குறைவு. அந்த ஏமாற்றம் சூடாக இருக்கும்போதே, குலுக்கல் முறையில் எடுத்த பாதிப் பேரிடம் மட்டும் பெயர் சொல்லாமல் கருத்துக் கேட்டார்கள்: வேலை எப்படி, சூப்பர்வைசர் எப்படி, கூலி எப்படி என்று. வேறு எந்தச் சலுகையும் தரவில்லை. கருத்துக் கேட்கப்பட்டவர்களிடையே வேலையை விட்டுப் போவது அடுத்த மாதங்களில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. மிகவும் ஏமாந்தவர்களிடம்தான் மாற்றம் அதிகம் தெரிந்தது. வாய் திறக்க வழியில்லாதபோது காலால் பதில் சொல்கிறார்கள் என்றுதான் இதை எடுத்துக்கொள்ள முடிகிறது. ஆனால் கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் இருந்தால் இந்த மருந்து எத்தனை முறை பலிக்கும் என்பது எனக்கு ஐயமே.

ஸ்ரீபெரும்புதூரில் 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கிய சாம்சங் வேலைநிறுத்தம் ஐந்து வாரத்துக்கு மேல் நீடித்தது. சுற்றுவட்டாரத்தோடு ஒப்பிட்டால் அங்கே சம்பளம் மோசமில்லை. தொழிலாளர்கள் கூலி உயர்வும் கேட்டார்கள் என்றாலும், விட்டுக்கொடுக்க மறுத்த கோரிக்கை தங்கள் சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பது. அதே வட்டாரத்தில் 2021 டிசம்பரில், ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு கெட்டுப் பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். சாலை மறியல் நடந்தது, ஆலை சில வாரங்கள் மூடிக் கிடந்தது. கோடிக்கணக்கில் முதல் போட்ட ஆலையை நிறுத்தியது ஒரு வேளைச் சாப்பாடு.

கடைத்தெருவுக்கு வருவோம். தி.நகரின் பெரிய ஜவுளிக்கடைகளுக்குத் தென்மாவட்டத்துப் பிள்ளைகள் வேலைக்குப் போகும் கதையை வசந்தபாலன் 2010-இல் ‘அங்காடித் தெரு’ படமாக எடுத்தார். அதற்குப் பிறகும் பதினோரு வருஷம் ஆனது, கடையில் நிற்கிறவர்களுக்கு உட்கார நாற்காலி கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்த. கேரளம் 2018-இலேயே அதைச் செய்தது; கோழிக்கோடு மிட்டாய்த் தெருவிலிருந்து ‘பெண்கூட்டு’ அமைப்பு வருஷக்கணக்காகப் போராடியதன் பலன் அது. ஒரு நாற்காலிக்கு என்ன செலவு? வாடிக்கையாளர் வரும்போது வேலையாள் உட்கார்ந்திருந்தால் கடைக்கு மரியாதை இல்லை என்ற எண்ணம்தான் தடை. சட்டம் வந்த பிறகும் பல கடைகளில் நாற்காலி மூலையில் இருக்கிறது, உட்காருபவரைக் காணோம்.

ஆளே போகாத தொழில் ஒன்றும் இங்கே உண்டு. கடையநல்லூரிலும் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலும் பெண்கள் வீட்டிலிருந்தே பீடி சுற்றுகிறார்கள். இலையும் தூளும் நூலும் கடையில் வாங்கி வந்து, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. முதுகு வலியும் தூள் நெடியும் கூலிக்குறைவும் இருந்தும் முப்பது வருஷம் தொடர்கிறவர்கள் பலர். வீட்டிலிருந்து சுற்றுகிறவர்களும் கம்பெனித் தொழிலாளர்களே, அவர்களுக்கும் வருங்கால வைப்பு நிதி உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1985-இல் தீர்ப்பளித்தது. பி.எஃப். கணக்கும், பிள்ளைகளுக்கான கல்வி உதவித்தொகையும், அடையாள அட்டையும் விட்டுப்போகக் கூடாது என்பதற்காகவே சுற்றுவதை நிறுத்தாதவர்கள் உண்டு. ஆள் மாறாத தொழில் நல்ல தொழில் என்று எடுத்துக்கொள்பவர்களுக்கு இது மறுப்பு. வெளியே போகத் தடையுள்ள பெண்களுக்கு வேறு வாசல் இல்லாததால் நிலைக்கும் நிலைப்பு இது. ஆள் மாறும் விகிதத்தை மட்டும் வைத்து ஒரு நிறுவனத்துக்கு மதிப்பெண் போடும் வழக்கத்தை நான் நம்பாததற்குப் பீடிக்கடையே காரணம்.

கடையநல்லூரிலிருந்து அரைமணிப் பயணத் தொலைவில் தென்காசி. அதையடுத்த மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் 2011-இல் அலுவலகம் திறந்தபோது பலர் அதை வேடிக்கையாகப் பார்த்தார்கள். அதன் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு அமெரிக்காவிலிருந்து வந்து அங்கேயே குடியிருந்தார். கல்லூரிப் பட்டம் இல்லாத பிள்ளைகளை எடுத்து, உதவித்தொகை கொடுத்துச் சொல்லிக்கொடுத்து வேலைக்குச் சேர்க்கும் ஜோஹோவின் பள்ளி 2005 வாக்கில் ஆறு மாணவர்களோடு தொடங்கியது. கற்றுக்கொடுத்து ஆளாக்குவது என்று பார்த்தால் இது அண்ணாச்சிக் கடையின் கணினிப் பதிப்பு. ஊருக்குள் வேலை என்பதன் பலத்தைச் சீன நிறுவனமான டிரிப்.காமில் நடந்த பரிசோதனையும் காட்டியது: 1,612 பேரில் ஒரு பாதிக்கு வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி தந்தார்கள், அவர்களிடையே ராஜினாமா மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, வேலைத்தரம் குறையவில்லை. பெண்களிடமும், தொலைவிலிருந்து வருபவர்களிடமும் பலன் அதிகம். ஜோஹோவைக் காட்டி இந்தப் பக்கத்து வேலைப் பிரச்சினை தீர்ந்துவிட்டதாகப் பேசுவது மிகை. ஓட்டல் மாஸ்டரும் வெல்டரும் வீட்டிலிருந்து வேலை பார்க்க முடியாது. ஆனால் சம்பளத்தில் துபாயை வெல்ல முடியாத ஊர், ராத்திரி சொந்த வீட்டுத் திண்ணையில் படுக்கலாம் என்ற ஒன்றை வைத்துப் பேரம் பேச முடியும் என்பதை மத்தளம்பாறை காட்டிவிட்டது. அந்தத் திண்ணைக்குப் போக நேரம் விட்டால்தான் பேரம் செல்லும். இரவு பதினொன்றுக்குக் கடையடைக்கிறவரிடம் உள்ளூர் வேலை என்ற கவர்ச்சி ஏது?

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை வேறொரு வழியைப் பிடித்தது. டாக்டர் கோ.வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய இடம். பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களைச் சேர்த்து இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்து, பார்வைச் சோதனை முதல் அறுவை அரங்க உதவி வரை அவர்களிடம் ஒப்படைத்தார்கள். மருத்துவமனைப் பணியாளர்களில் பெரும்பகுதி அவர்கள்தான். டாக்டர் செய்ய வேண்டியதை மட்டும் டாக்டர் செய்கிறார். கல்யாணமாகிச் சிலர் போவார்கள் என்பதும் கணக்கில் உண்டு. வருஷந்தோறும் புதிய அணி தயாராகும். ஒரு ஆள் போனால் கடையே நின்றுவிடும் என்ற நிலையில் இருக்கும் முதலாளிதான் பத்திரமும் முன்பணமும் தேடுவார். தொழிலை மூன்று பேருக்குச் சொல்லிக்கொடுத்தவருக்கு அந்தப் பயம் குறைவு.

சட்டமும் இதில் ஒரு கை வைத்திருக்கிறது, சில நேரம் தலைகீழாக. 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு, வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்ற கணக்கில் தொகை தரச் சொன்னது. நல்லவரை நிறுத்திவைக்க வந்த சட்டம். நாலரை வருஷத்தில் ஆளைக் கழற்றிவிடும் தந்திரத்துக்கும் அது வழியானது. தமிழ்நாட்டின் 1981-ஆம் ஆண்டுச் சட்டம் 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்கச் சொல்கிறது. அதைத் தவிர்க்கவே வேலையாளை நடுவில் சில வாரம் நிறுத்தி, மறுபடி புதிதாகச் சேர்த்ததுபோல எழுதும் நிர்வாகங்கள் உண்டு. ஆள் கிடைக்கவில்லை என்று அழுவதும் அவர்களேதான். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், குறித்த காலத்துக்கு எடுக்கப்படும் வேலையாளுக்கு ஒரே வருஷத்தில் பணிக்கொடை உரிமை தருகின்றன. நாலரை வருஷத் தந்திரம் அவர்கள் மட்டில் இனிச் செல்லாது. போனஸ் கதையும் இதோடு சேர்ந்தது: சட்டப்படி குறைந்தது 8.33 விழுக்காடு. தீபாவளிக்கோ பெருநாளைக்கோ அதை மொத்தமாகக் கையில் வாங்கியதும் ஆட்கள் நின்றுவிடுவது வருஷாவருஷம் நடப்பது. ஒரே நாளில் மொத்தப் பணத்தையும் வைத்தால், போக நினைத்தவர் அதுவரை முகம் கோணாமல் இருந்துவிட்டு மறுநாள் போவார். வருஷத்தில் இரண்டு மூன்று தவணையாகப் பிரித்துக் கொடுக்கும் கடைகள் இதைச் சமாளிக்கின்றன.

கடையநல்லூர் முதலாளிகள் இன்னும் சரியாகப் பயன்படுத்தாத கூட்டம் ஒன்று ஊருக்குள்ளேயே இருக்கிறது: வளைகுடாவிலிருந்து விசா முடிந்தோ, போதும் என்று முடிவெடுத்தோ திரும்பியவர்கள். ஏ.சி. மெக்கானிக், பேக்கரி மாஸ்டர், கிடங்குக் கணக்கர், மின் வேலைக்காரர் என்று பத்து வருஷம் பழகிய கைகள். பிள்ளைகள் படிப்பை முன்னிட்டு ஊரில் இருக்க விரும்புகிறவர்கள். அங்கே வாங்கியதில் பாதிச் சம்பளத்துக்கும் மனம் ஒப்புவார்கள். ஒப்பாத விஷயங்கள் வேறு. வேலை நேரம் எழுதிய அட்டையையும், ஓவர்டைம் தனியாகக் கணக்கிட்ட சீட்டையும் கண்டு பழகியவர்கள் அவர்கள், அதையெல்லாம் அங்கே எத்தனை இடத்தில் மீறினார்கள் என்பதையும் சேர்த்து. நாற்பது வயதில் ‘டேய்’ என்று கூப்பிட்டால் மறுநாள் வரமாட்டார்கள். வேலை கேட்டு வருகிறபோது அவர்களிடமிருந்து முதலில் வரும் கேள்விகள் சம்பளத் தொகையைப் பற்றியவையாக இருப்பது குறைவு. சம்பளம் ஒண்ணாந் தேதியா பத்தாந் தேதியா, வாரத்தில் எந்த நாள் லீவு, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போய்வர எவ்வளவு நேரம், ராத்திரி எத்தனை மணிக்கு ஷட்டர் இறக்குவீர்கள் என்றுதான் கேட்கிறார்கள்.